மருந்து கேட்காத செல்கள்

ஜெஸிமா பாலக்கரையில் தினமும் பஸ் ஏறுவது புற்றுநோய் செல்களுக்குத் தீனி போடத்தான். அவளே அப்படிச் சொல்லிச் சிரிப்பாள்.

"ஒழிக்கத்தானே உன்னைப் படிக்க வெச்சோம்? நீ என்னடான்னா வளத்துக்கிட்டு இருக்கே!" என்பாள் அக்கா ஜஹானாரா.

இந்த வேலைக்கு அவளை இழுத்துவிட்டதே அக்காதான். ஜஹானாராவுக்கு மார்பில் கட்டி வந்தபோது முதல் மருந்தில் நன்றாகச் சுருங்கியது. பிறகு அதே மருந்து எடுபடாமல், கட்டி மறுபடி தலைதூக்கியது. "முதல்ல கேட்ட மருந்து இப்ப ஏன் கேக்கல?" என்று அக்கா கேட்டாள். அதுவரை மூலிகைச் சாறுகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஜெஸிமாவுக்குப் பதில் தெரியவில்லை. டாக்டர்கள் வேறு மருந்துக்கு மாற்றி அக்காவை எழுந்து நடமாட வைத்துவிட்டார்கள். கேள்வி மட்டும் தங்கையிடம் தங்கிவிட்டது.

திருச்சியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவளுடைய செல்கள் வளர்கின்றன. ஊட்டக் கரைசலில் துளி மருந்து கலந்தால் முக்கால்வாசி செத்துவிடும். தப்பியதைத் தேற்றி, மருந்தைக் கொஞ்சம் கூட்டுவாள். இப்படிப் பல மாதம் போனால், எவ்வளவு ஊற்றினாலும் அசையாத ஒரு கூட்டம் மிஞ்சும். ஊட்டம் மாற்றும்போதெல்லாம் அந்தக் கூட்டத்துக்கு மருந்தும் கலந்துகொண்டே இருக்க வேண்டும். அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

அவளிடம் பிஎச்.டி. செய்யும் தேவதர்ஷினி ஸ்ரீரங்கத்துப் பெண். மார்கழி பிறந்து வைகுண்ட ஏகாதசி நெருங்கினால், வடக்குச் சித்திரை வீதியில் இருக்கும் அவள் வீட்டில் உறவு ஜனங்களுக்கு நிற்கவும் இடம் இருக்காது. அந்த வருஷம் அரக்கப்பரக்க வந்து, செல்களுக்கு ஊட்டத்தை மட்டும் மாற்றிவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் ஒருநாள் ஜெஸிமா முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மேடம், ஏகாதசி சமயத்துல இருந்து நான் மருந்தே கலக்கலை. நேத்துதான் ஞாபகம் வந்து கலந்தேன். இப்ப எல்லாம் செத்துண்டிருக்கு."

ஜெஸிமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு வருஷத்து உழைப்பு தர்ஷினி! என்ன பண்ணி வெச்சிருக்கே?"

திட்டி முடித்த பிறகுதான், அந்தப் பெண் கடைசியாகச் சொன்னது மனதில் விழுந்தது. எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அசையாத செல்கள் ஏன் சாக வேண்டும்?

கிருமி புகுந்திருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. மருந்துக்குப் பழகிய நிலையில் முன்பே உறையவைத்திருந்த செல்களை எடுத்து இருவரும் மறுபடி வளர்த்தார்கள். ஒரு பாதிக்கு விடாமல் மருந்து, மறுபாதிக்கு வெறும் ஊட்டம். சில வாரம் கழித்து இரண்டுக்கும் முழு அளவு மருந்தைக் கொடுத்தபோது, பழகிய கூட்டம் கல்லாக நின்றது. ஓய்வு எடுத்த கூட்டத்தில் பெரும்பாலானவை மடிந்தன.

ஜெஸிமா தன்னையே நம்பவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து ஆய்வுக்கூடத்து பெலிண்டாவிடம் குடுவைகளைக் கொடுத்து, எது எதுவென்று தங்களுக்குச் சொல்லாமல் ரகசிய எண் ஒட்டித் தரச் சொன்னாள். உயிரோடு மிஞ்சிய செல்களை இருவரும் எண்ணி முடித்த பின், பெலிண்டா விவரத்தைச் சொன்னதும் தேவதர்ஷினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முடிவு மாறவேயில்லை.

"கட்டுரையில நான் மறந்ததையும் எழுதணுமா மேடம்?"

"கண்டிப்பா எழுதணும். உன் பேர்தான் முதல்ல வரும்."

தேவதர்ஷினி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜஹானாரா வீட்டில் விரால் மீன் குழம்பு. சட்டியைக் கிளறியபடி அக்கா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப மருந்தை விட்டா, அதை எதுத்து நிக்கறதை நோய் மறந்துருமா?"

"சிலது மறக்குது அக்கா, கண்ணாடிக் குடுவைக்குள்ள. மனுஷ உடம்புல எப்படின்னு தெரியாது. இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திடக் கூடாது. இன்னும் நிறையப் பாக்கணும்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"தெரியலக்கா."

ஜஹானாரா முகத்தில் ஏமாற்றம் இல்லை. "நான் கேட்டதுக்குப் பாதிப் பதிலாவது வந்துச்சே," என்று சொல்லி, தங்கை தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். ஜெஸிமா வெகுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.