அழகர்சாமியும் பச்சை பஸ்ஸும்

அழகர்சாமிக்குப் பிச்சமுத்துவின் மேல் பொறாமை. அதை அவர் மறைத்ததே இல்லை. மெயின்கார்டு கேட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அவர் ஓட்டியது பழைய பஸ். கூட்டம் ஏறினால் முனகும். போட்டிக் கம்பெனியில் பிச்சமுத்துவுக்குப் புது பஸ், பச்சை பெயிண்ட், மெத்தை சீட்டு. முன்பு அழகர்சாமியிடம் கிளீனராக இருந்தவன் அவன். அந்த ஹாரனைக் கேட்டாலே இவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

காவிரிப் பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலை நிறுத்தம். முதலில் போகும் பஸ்ஸுக்குத்தான் அங்கே நிற்கிற கூட்டம். ஐம்பத்தெட்டாம் வருடம் ஆடிப்பெருக்கன்று காலை முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: இன்றும் பின்தங்கினால் நாளை முதல் ஸ்ரீரங்கம் கிடையாது, மணப்பாறை லைன்தான்.

பாலத்தின் பாதியில் பச்சை பஸ் பக்கத்தில் வந்தது.

"என்னண்ணே, தள்ளிவிடணுமா?" என்றான் பிச்சமுத்து.

கண்டக்டர் ரசூல் முன்னால் ஓடிவந்தார். "மிதிங்கண்ணே. இன்னிக்கு விட்டா லைன் போச்சு."

கட்டைவண்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று பின் சீட்டில் ஒருவர் அலுத்துக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது. ஆளாளுக்கு முந்தச் சொன்னார்கள்.

அழகர்சாமி மிதித்தார். பஸ் குலுங்கிப் பாய்ந்தது. பிச்சமுத்துவின் முகம் பின்னால் நழுவியது. அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அப்போது இடப்பக்கக் கண்ணாடி கண்ணில் பட்டது. காதோலையும் கருகமணியும் ஆற்றில் போடப் பெண்கள் தலையும் கையும் வெளியே நீட்டியிருந்தார்கள். ஆடிப்பெருக்கில் பாலம் தாண்டுகிற எல்லோரும் செய்வதுதான். கைப்பிடிச் சுவர் அவர்கள் விரலுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்துகொண்டிருந்தது.

காலை எடுத்துவிட்டார்.

"ஏண்ணே?" என்றார் ரசூல்.

"போட்டு முடிக்கட்டும்."

பச்சை பஸ் மாம்பழச்சாலைக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனது. இறங்கும்போது ஒருத்தி, அதிலேயே வந்திருக்கலாம் என்று தங்கையிடம் சொன்னது அழகர்சாமியின் காதில் விழுந்தது.

மறுநாள் மணப்பாறை லைன். அதில் பத்து வருடம் ஓட்டினார். வாரம் ஒருமுறை ரசூலைப் பார்க்கிற சாக்கில் மெயின்கார்டு கேட்டுக்கு வருவார். டீ வாங்கிக் கொடுத்து, எதையெதையோ பேசி, பச்சை பஸ்ஸில் இன்னும் கூட்டம் ஏறுகிறதா என்று விசாரிப்பார். ஏறுகிறது என்றால் தன் டீயைப் பாதியில் வைத்துவிடுவார்.

மிதித்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என ரசூல் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"தினமும் தோணுது" என்றார் அழகர்சாமி. "நாளைக்கே அந்த லைனைக் கொடுத்தாலும் அங்க காலை எடுக்கத்தான் செய்வேன். அதான் இன்னும் எரியுது."