மூன்றாம் ஆண்டு வகுப்பின் சாவிகள்

என் மகள் படிக்கும் மூன்றாம் ஆண்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலும் ஒரு சாவி இருந்தது. பூட்டு தொலைந்துபோன சாவி, துருவேறிய சைக்கிள் சாவி, விற்றுவிட்ட அலமாரியின் சாவி. வீடு முழுக்கத் தேடியும் சாவி கிடைக்காத ஒரு பிள்ளை, அப்பாவின் லாரியிலிருந்து கழன்று விழுந்த ஒரு திருகாணியைக் கொண்டுவந்து வைத்திருந்தது. எல்லாம் என் மகளுக்காக.

அவளுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது ஆண்டிறுதி விடுமுறையில். தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஈப்போவில் மருத்துவமனை, பரிசோதனைகள், காலையும் மாலையும் குடிக்க ஒரு மருந்து. பள்ளி திறந்ததும் ஆசிரியர்களிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும், அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பரீட்சைக்குப் படிப்பதைப் போல எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன்.

என் கணவரின் அக்கா பார்க்க வந்தபோது, மகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். “ஸ்கூல்ல அந்தப் பேர மட்டும் சொல்லிராதம்மா. காய்ச்சல் வந்தா மயக்கம் வரும்னு சொல்லு, அது போதும்லா. பொம்பளப் பிள்ள. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா கேப்பாங்க.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மருத்துவமனையில் நாங்கள் இருந்த நாளெல்லாம் மகளுக்குச் சூப் வைத்து எடுத்துவந்தவர் அவர்தான். கணவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்றார். அப்படிச் சொல்லிவிட்டால், பின்னால் வரப்போவதும் என் பங்குக்கே வந்துவிடுகிறது.

நான் சொன்னேன்.

பள்ளி, ஈப்போவுக்கு வெளியே செமோர் என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. முன்பு சுற்றிலும் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரம். இப்போது ஒருபக்கம் எண்ணெய்க்கான செம்பனை, மறுபக்கம் வரிசை வீடுகள். தோட்டத்தின் பெயர் பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் மிச்சம். நான் ஈப்போவில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். டவுனிலேயே பெரிய பள்ளியாகப் பார்த்துச் சேர்க்கலாமே என்று பலர் கேட்டார்கள். மகளின் வகுப்பில் மொத்தமே பதினொரு பேர். இவ்வளவு சிறிய பள்ளியில் ஒரு பிள்ளை யார் கண்ணிலும் படாமல் போய்விட முடியாது என்று நம்பித்தான் அங்கே சேர்த்தேன். தலைமையாசிரியை நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வகுப்பாசிரியை இளம்பெண், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்காட்டிச் சரிதானா என்று கேட்டார். அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம், அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டேனோ என்றும், எதையாவது விட்டுவிட்டேனோ என்றும் மாற்றி மாற்றி நினைத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் கைப்பேசியை மேசைமேல் திரை தெரியும்படியே வைத்திருக்கிறேன்.

சில வாரங்களில் அந்த அழைப்பு வந்தது. காலைச் சபைகூடலில் மாணவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அவள் விழுந்திருக்கிறாள். வகுப்பாசிரியை ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அதே நேரம் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கும் அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை மகளின் கைக்குள் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மகள் அலுவலக அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து இன்னும் கையில் இருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும்மா, எடுக்காத. இரும்பு கையில இருந்தா திரும்ப வராது. என் தம்பிக்கு இப்படித்தான் செய்வோம்” என்றார். சிற்றுண்டிச்சாலையின் அலமாரிகள் பூட்டியபடியே கிடந்து, ஓய்வு நேரத்தில் ஒரு பிள்ளைக்கும் அன்று குடிக்க மைலோ கிடைக்கவில்லை.

அடங்க இருந்தது அடங்கியது. அது எனக்கும் ஆசிரியைக்கும் தெரியும். வரிசையில் நின்ற பிள்ளைகள் கண்ணால் கண்டது வேறு. சாவி வந்தது, வலிப்பு போனது.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடுப்பு எடுத்து மகளை அழைத்துவரப் போனேன். பக்கத்து நாற்காலியில் உட்காரும் தோழி என்னைப் பார்த்ததும் பென்சில் பெட்டியைத் திறந்து காட்டினாள். “ஆன்ட்டி, இது எங்க வீட்டுப் பழைய கேட் சாவி. அவளுக்கு வந்தா குடுக்குறதுக்கு.” அதற்குள் மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

“அவளோடது பித்தள ஆன்ட்டி, வேலைக்கு ஆகாது.”

“பொய்லா. காந்தத்துல ஒட்டுச்சு, டீச்சரே பாத்தாங்க.”

“என்னோடது லோரி ஸ்க்ரூ. பெருசு. ரெண்டு தடவ வந்தாலும் தாங்கும்.”

அறிவியல் பாடத்தில் காந்தம் படித்திருக்கிறார்கள். ஒட்டாத சாவி வைத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போய் வேறு தேடி எடுத்துவந்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் அவள் பக்கத்தில் யார் உட்காருவது என்று தினமும் சண்டை. கடைசியில் முறை போட்டுக்கொண்டார்களாம். என் மகள் நடுவில் நின்று கல்யாணப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவியால் ஒன்றும் ஆகாது என்று அப்போதே சொல்ல வாய்வரை வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். காரில் ஏறியதும், “எல்லார்கிட்டயும் இருக்கும்மா. எனக்குத்தான் சாவி வேணாம்” என்றாள் பெருமையாக.

அடுத்த முறை வலிப்பு வகுப்பறையில் வந்தது, ஆசிரியை அலுவலகத்துக்குப் போயிருந்த சிறிது நேரத்தில். பத்துப் பிள்ளைகளும் சாவியோடு அவளைச் சுற்றி மண்டியிட்டிருக்கிறார்கள். இறுகிப்போன விரல்களைப் பிரித்து ஒவ்வொருவரும் தன் சாவியை உள்ளே திணிக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று வேலை செய்யவில்லை என்றால் அடுத்தது. ஒருவர்கூட வெளியே ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அவள் மல்லாந்து கிடந்திருக்கிறாள். ஆசிரியை திரும்பி வந்து பக்கவாட்டில் திருப்பியபோது வாயெல்லாம் நுரை, மூச்சு திணறிக்கொண்டிருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு அவரே சேர்த்துச் சொன்னார். “அவங்க யாரும் விளையாடலைங்க. காப்பாத்துறதாத்தான் நெனச்சாங்க.”

மகளின் உள்ளங்கையில் கீறல்கள். ஒரு நகம் பெயர்ந்திருந்தது. மருந்து தடவியபோது, யார் கீறினார்கள் என்று அவள் கேட்கவில்லை. யாருடைய சாவியில் நின்றது என்று கேட்டாள்.

மறுநாள் அவளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் வகுப்பின் முன்னால் போய் நின்றேன். ஆசிரியைதான் கேட்டுக்கொண்டார், தான் சொன்னால் திட்டுவதுபோல் ஆகிவிடும் என்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். சாவியால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாகவே நிற்கும் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தோழி கையைத் தூக்கினாள்.

“அப்ப நாங்க என்ன செய்றது ஆன்ட்டி?”

“ஒருத்தர் ஓடிப்போய் டீச்சரக் கூட்டிட்டு வரணும். ஒருத்தர் அவளப் பக்கவாட்டுல திருப்பி விடணும். மத்தவங்க தள்ளி நிக்கணும், அவளுக்குக் காத்து வேணும்ல. கையப் பிடிக்கக் கூடாது.”

“தொடவே கூடாதா?”

“கையத் தொடக் கூடாது.”

மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். பாட்டுப்போல ஒப்பித்தார்கள். பிறகு ஆசிரியை ஒரு மைலோ டின்னை நீட்ட, ஒவ்வொருவராக வந்து சாவியைப் போட்டார்கள். லாரித் திருகாணி விழுந்தபோது பெரிய சத்தம் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. வலிப்பு வரும் நேரத்துக்கு நான் சொன்னதைப் பிள்ளைகள் எல்லா நேரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். ஓய்வு நேரத்தில் நீளமான பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வரிசையில் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஓர் எட்டு விலகிக்கொண்டார்கள். கைகோத்துச் சுற்றும் விளையாட்டில் அவள் பக்கம் வந்ததும் கையை விட்டுவிட்டார்கள். கேலி செய்தவர் ஒருவருமில்லை. அவளுக்குக் காற்று வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவளும் ஓடட்டும் என்று நான்தான் தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு வலப்பக்கத்துத் தடத்திலும் இடப்பக்கத்துத் தடத்திலும் யாரும் நிற்கவில்லை. எல்லாரும் ஓரங்களில் நெருக்கியடித்து ஓட, நடுவில் அவள் மட்டும் தனியாக ஓடிவந்தாள். நான் கைதட்டினேன்.

திரும்பும்போது காரில் கேட்டாள். “அம்மா, சாவியெல்லாம் திருப்பிக் குடுத்துரலாமா?”

ஏன் என்றேன்.

“சாவி இருந்தப்ப எல்லாரும் என் பக்கத்துல உக்காருவாங்க.”

கையைக் கீறிவிட்டதே என்றேன்.

“அது கொஞ்சமாத்தான் வலிச்சுச்சு.”

ஆசிரியையிடம் பேசினேன். அவர் பிள்ளைகளிடம் பேசினார். அவளோடு சேர்ந்து விளையாடச் சொன்னார்; விளையாடினார்கள், வீட்டுப்பாடம் செய்வதைப் போல. டவுன் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் போன முதல் நாளே நான் மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமல் விட என்னால் முடியாது. கணவரின் அக்காவிடம் இதைப் பற்றி நான் பேசவே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டு வந்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் மகளை முன்னால் உட்காரவைத்து, நெடுநேரம் தலை வாரிப் பின்னிவிட்டுப் போனார்.

பள்ளியில் மறுபடியும் வந்தது போன மாதம். “பயப்படாதீங்க, அடங்கிருச்சு” என்றார் ஆசிரியை கைப்பேசியில். “பிள்ளைங்க எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சாங்க.” அவர் குரலில் நிம்மதி இருந்தது. தோழிதான் அவளை ஒருக்களித்துத் திருப்பியிருக்கிறாள். இன்னொரு பிள்ளை ஓடிப்போய் ஆசிரியையைக் கூட்டிவந்திருக்கிறது. மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, மெதுவாகவே வாருங்கள் என்றார். நான் மெதுவாகப் போகவில்லை.

வகுப்பறையின் பின்பக்கத்தில் ஒரு பாயில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆசிரியை அவள் கால்மாட்டில் இருந்தார். பத்துப் பிள்ளைகளும் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நின்றார்கள். சிற்றுண்டிச்சாலை அக்கா வாசலில் நின்றார்; இடுப்பிலிருந்த சாவிக்கொத்து சத்தம் போடாதபடி ஒரு கையால் அதைப் பொத்திப் பிடித்திருந்தார். மகளின் கை பாயில் விரிந்து கிடந்தது. வெறுங்கை.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோழி சுவரைவிட்டு நகராமலே கேட்டாள். “ஆன்ட்டி, இப்ப கிட்ட வரலாமா?”

வா என்றேன். அவள் வந்து என் மகளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

“கையப் பிடிச்சுக்கம்மா. இப்ப பிடிக்கலாம்.”

அவள் ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தாள். ஒப்பித்த பாடத்தில் இது இல்லை. கைகள் தொடைக்கடியிலேயே இருந்தன. நான் வற்புறுத்தவில்லை. இன்னொரு முறை எதையாவது சொல்லி, அதையும் அவள் காலமெல்லாம் பிடித்துக்கொண்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் கண் விழித்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் தெரிந்த முகத்தைத்தான் பார்த்தாள்.

“இன்னிக்கு உன் மொறையா?” என்று கேட்டாள், தூக்கம் கலையாத குரலில்.

“ஆமா” என்றாள் தோழி. கைகளை இன்னும் எடுக்கவில்லை.