கருடனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட காவல்காரர்

இன்று சனிக்கிழமை, வீட்டுக்காரருக்கு லீவு. நாராயணவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் கோழி பதினோரு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. அவர் கையில் ஒரு கம்பைக் கொடுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

வந்து எண்ணினால் பத்து.

"இன்னாயா, ஒண்ணு கொறையுது?"

"கருடன் வந்துச்சுமே."

"கம்ப வெச்சிக்கினு இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"சனிக்கெழம அதுவுமா கருட தரிசனம். கம்ப கீழ போட்டுட்டு கன்னத்துல போட்டுக்கினேன். கண்ணத் தொறந்தா குஞ்சோட பறக்குது."

பெருமாள் வாகனத்தைப் போய் விரட்டுவதா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். கோழி மட்டும் சாமி என்றும் பார்க்காமல் எகிறி எகிறிக் கொத்தப் போனதாம்.

"நீ உள்ள போய்யா" என்று கம்பைப் பிடுங்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் கோபுரத்துப் பக்கமிருந்து மறுபடி வந்தது. செம்பழுப்புச் சிறகு, வெள்ளைக் கழுத்து. தலைக்கு மேலே நிதானமாக ஒரு வட்டம்.

கோழி கத்திய பிறகுதான் கவனித்தேன். கம்பு என் கக்கத்தில் இருந்தது. இரண்டு கையும் கன்னத்தில் இருந்தன. நல்லவேளை, கோழி அதற்குள் பத்தையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "இன்னாமே, வெரட்டிட்டியா?"

வலை கட்டு, பழைய சிடியைத் தொங்கவிடு என்றெல்லாம் கமெண்டில் சொல்ல வேண்டாம். கும்பிட்டுக்கொண்டே விரட்ட வழி தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். அதுவரை காவலைக் கோழியே பார்த்துக்கொள்ளட்டும். இந்த வீட்டில் பக்தி இல்லாத ஜீவன் அது ஒன்றுதான்.