நன்றிப் பூசையில் அப்பா சொன்னது

உருகிய மெழுகுதிரியும் ஈரத்துணியும் கலந்த வாடைதான் அந்தப் புயல் மாதமாக எனக்குள் தங்கியிருக்கிறது. அப்பா போன படகு கவிழ்ந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் எங்கள் கடற்கரை ஊரான இனயம் முழுவதும் கோயிலில் கூடிச் செபமாலை சொல்லத் தொடங்கியது. அதே படகில் போயிருந்த ஆன்றணி மாமாவின் மனைவி ரெஜினா மாமி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் அம்மாவும் ஒரே பாயில் முழந்தாளிட்டிருப்பார்கள். ஒருத்தி களைத்து நிறுத்தினால் மற்றவள் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். கோயிலில் "எல்லாரையும்" கரைசேர்க்கக் கேட்ட அம்மா, வீட்டில் அடுப்பின் முன் அப்பாவின் பெயரை மட்டும் முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு சரக்குக் கப்பல் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. மாமா வரவில்லை.

நன்றிப் பூசையில் செபத்தின் வல்லமைக்கு அப்பா சாட்சி சொல்ல வேண்டும் என்றார் பங்குச் சாமியார். சுவருக்கு அப்பால் மாமி இருந்ததால், அம்மா மாலைச் செபத்தை வாய்விட்டுச் சொல்வதையே நிறுத்திவிட்டாள். ஒரு மாலை மாமியே வந்தாள்.

"நம்ம ரெண்டு பேரும் சேந்துதானே அக்கா சொன்னோம்? ஒங்க செபம் மட்டும் எப்பிடி கேட்டுது?"

"கேட்டுதுன்னு நான் சொல்லலியே மக்கா."

"பின்ன அவரு எப்பிடி வந்தாரு?"

"எனக்குத் தெரியாதுட்டி."

அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். மாமி கையைத் தரவில்லை. எழுந்து போகவும் இல்லை.

பூசையன்று அப்பா ஒலிவாங்கியின் முன் ஏறி நின்றார். "எனக்குக் கை மரத்துப்போனப்ப ஆன்றணிதான் என்னையப் பலகையோட சேத்துக் கெட்டினான். அவனுக்கு வேண்டிச் செபிங்க. எனக்கு வேற சாட்சி இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதுவரை அழாத மாமி அன்றுதான் அழுதாள். கடைசியில் செபத்தைத் தொடங்கியவளும் அவள்தான்.

வீட்டுக்கு வீடு ஒரே குரலாய் எழுந்து தெருவை நிறைத்த அந்த மாலைச் செபம் இப்போது ஊரில் இல்லை. பூசையைக்கூடக் கைபேசியில் பார்க்கிறார்கள். நான் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். "எங்களுக்காகச் செபிங்க சிஸ்டர்" என்று கையைப் பிடிப்பவர்களிடம் சரி என்கிறேன், செபிக்கவும் செய்கிறேன். ஆனால் கேட்டவரின் பெயரை மட்டும் தனியாகச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என் கண் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறது.