பத்துமலை போட்ட நேரலை

பிச்சைமுத்துவுக்கு மூன்று வருடமாக ஒரு வயிற்றெரிச்சல். தங்கை மகள் தினேஸ்வரியின் சடங்குக்கு, தாய்மாமன் என்ற முறையில் சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு ஈப்போ புந்தோங் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, தங்கை புருஷன் பத்துமலை வாசலிலேயே மறித்தான்.

"ரிவர்ஸ் போலா மச்சான், லைன் இன்னும் கெடைக்கல."

முகநூல் நேரலைக்காக, சீர் கொண்டுவந்த சனம் மொத்தமும் வெயிலில் பின்வாங்கியது. மேளக்காரனும் முதலிலிருந்து அடித்தான். பிள்ளை வயசுக்கு வந்த சேதியை லூமுட்டிலிருந்து லண்டன் வரைக்கும் பார்த்து வாழ்த்தினார்கள் என்று பத்துமலை ஒரு மாதம் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். முதலாளிகள் தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் கட்டிவிட்டார்கள். ஈப்போவுக்கு வந்து ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலைக்கு உட்கார்ந்தான். முதலாளியின் மச்சினனே வந்தாலும் அடையாள அட்டையைக் காட்டாமல் உள்ளே போக முடியாது. அப்பேர்ப்பட்ட காவல்காரன், முகநூலில் நட்புக் கேட்டவன் எவனாக இருந்தாலும் கதவைத் திறந்து விட்டான். மகளின் பிறந்தநாள், பள்ளிச் சீருடை, ஏறும் வேன், வீட்டில் கூப்பிடும் 'பொம்மி' என்ற பெயர், எல்லாம் அங்கே கொட்டிக் கிடந்தன.

பிள்ளை வளர்ப்பு பற்றி ஊருக்குப் பாடமும் எடுப்பான். போன வருடம் தினேஸ்வரி படிக்காமல் கைப்பேசியை நோண்டினாள் என்று, அதைச் சிமெண்டுத் தரையில் வைத்துச் சுத்தியலால் உடைத்தான். உடைத்ததும் நேரலையில்தான். பிள்ளை பக்கத்தில் நின்று அழ, அடியில் கைதட்டல் படங்கள் குவிந்தன. அப்பன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எழுதினார்களாம். பள்ளிக்கூட வேலைக்கு வேண்டுமே என்று அவள் அம்மா விமலா தன் பழைய கைப்பேசியை மகளுக்கு இரகசியமாகக் கொடுத்தது அந்த அப்பனுக்குத் தெரியாது.

பிச்சைமுத்து பள்ளி வேன் ஓட்டுகிறவன். போன வாரம் ஒருநாள், மற்ற பிள்ளைகள் இறங்கியும் தினேஸ்வரி இறங்கவில்லை. கைப்பேசியை நீட்டினாள். எவனோ ஒருவன், முகத்துக்குப் பதில் ஒரு பூப்படத்தை வைத்து, தன்னையும் பள்ளிப் பெண் என்று சொல்லிக்கொண்டு, பொம்மி பொம்மி என்று எழுதிப் பழகியிருக்கிறான். இப்போது சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குத் தனியாக வரச் சொல்கிறான். வராவிட்டால் கைப்பேசி இருப்பதை அப்பாவிடம் சொல்லிவிடுவானாம். சுத்தியல் ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தான்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா. அம்மாவுக்கும் ஏச்சு விழும்."

சொல்லாமல் முடியாது, ஆனால் உன்மேல் கை வைக்க விடமாட்டேன் என்றான் பிச்சைமுத்து. எதையும் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லி, அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

விஷயத்தைக் கேட்டதும் பத்துமலை நேராகச் சுத்தியலைத் தேடினான். வேறு என்ன தெரியும் அவனுக்கு?

"ஒடச்சிட்டு போலிஸ்கிட்ட எதைக் காட்டுவ? ஒன் மூஞ்சியையா?" என்று பிச்சைமுத்து கைப்பேசியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சுத்தியல் கதை அவனுக்கு எப்படிலா தெரியும்?"

பிச்சைமுத்து மச்சானின் முகநூல் பக்கத்தையே திறந்து நீட்டினான். உடைத்த வீடியோவுக்கு அடியில் அதே ஆள், அதே பூப்படம், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். சடங்குப் படத்துக்கு அடியில், 'பொம்மிக்கு வாழ்த்து' என்று எழுதியிருந்தான். அதற்குப் பத்துமலை நன்றி வேறு சொல்லியிருந்தான்.

பிறகு அந்த மகராசனுக்கு வந்த யோசனை, இப்போதே நேரலையில் போய் அந்த நாயைக் கிழிப்பது. தன் கைப்பேசியை உயர்த்தியவனிடமிருந்து விமலா அதைப் பிடுங்கிக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் அவன் கையிலிருந்து எதையும் பிடுங்காதவள். நீ ஊருக்குக் காட்டினது போதும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போலிஸுக்குப் போ என்றாள்.

தினேஸ்வரியின் தம்பி சின்னவனைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நின்றாள். மூன்று பேரும் வேனில் போனார்கள். நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி, பிள்ளையே சொல்லட்டும் என்று அறைக்குள் கூப்பிட்டார். பத்துமலையும் கூடவே போய் உட்கார்ந்தான். தினேஸ்வரி வாயைத் திறந்தாள், அப்பாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அதிகாரி மறுபடி கேட்டார். பிள்ளை தரையைப் பார்த்தாள். அவள் சொல்லாவிட்டால் அந்த ஆளைப் பிடிக்க முடியாது, சனிக்கிழமை இல்லாவிட்டால் இன்னொரு நாள் வருவான்.

பத்துமலை எழுந்து கதவோரம் வந்தான். அங்கே நின்ற பிச்சைமுத்துவிடம் மெதுவாகச் சொன்னான்:

"நா இருந்தா அவ பேச மாட்டா மச்சான். நா வெளிய நிக்கிறேன். நீங்க போயி அவ பக்கத்துல ஒக்காருங்க."