செம்பு அண்டாவில் வந்த கடல்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள்; ஒற்று எங்கே போடுவது என்று இன்றைக்கும் கை தடுமாறும். வயதும் ஆகிவிட்டது, முந்தி நடந்தது பிந்தியும் பிந்தி நடந்தது முந்தியுமாக வந்து நிற்கும். வாசிக்கிறவர்கள் முகம் சுளிக்காமல் வாசிக்க வேண்டும். இதை எழுத வைத்தது ஒரு சைக்கிள் பம்பு. எங்கள் வீட்டு மச்சில் இன்றும் கிடக்கிறது. மரக்கைப்பிடி போட்டது. கைப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்திருக்கும். அந்தக் குழி என் உள்ளங்கை போட்டது. நான் அதை அடித்த நாளில் எங்கள் வீட்டில் சைக்கிள் கிடையாது.

நாகர்கோவிலில் நான் மருமகளாக வந்து ஏறிய வீடு அது. நம்முடைய பக்கம் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். எனக்குச் சொந்த ஊர் இராஜாக்கமங்கலம். கொல்லையில் நின்றால் அலைச்சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்றபடி வீட்டில் மாமனார், மாமியார், நான், மூன்றே பேர். நான் அவர்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமா பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், பாறை இடுக்குகளில் கிடக்கும் உயிர்களையெல்லாம் காட்டிக்கொடுப்பாராம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாசல் படி இறங்க முடியாது. கடலுக்குப் போக முடியாமல் போனவர், கடலை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி. தேக்குச் சட்டம், ஒரு ஆணி கிடையாது. இணைப்புகளை வள்ளம் கட்டுகிற ஆசாரி வந்து குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்தார். அடியில் கடல் மணல். அதன்மேல், கடலுக்குள் இருக்கும் பாரிலிருந்து மீன்காரர்கள் முங்கி எடுத்துக் கொடுத்த கல். வள்ளக்காரர்கள் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அந்தக் கல்லில் பாசியும் புழுவும் சிப்பியும் உயிரோடு ஒட்டியிருக்கும். முதலில் வெள்ளம் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது; எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். பிறகு பழுப்பாக ஒரு அழுக்கு எல்லாவற்றையும் மூடியது. மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். ஒன்றையும் தொடாதே, அது தானாக ஆகும் என்றார் மாமா. ஆயிற்று. ஒரு நாள் காலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி வெள்ளம், கல்மேல் பச்சை. அதற்கப்புறம்தான் மீன்களை விட்டார். விரல் நீளத்தில் மஞ்சளும் நீலமும் கோடு போட்டவை, சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், கல்லில் ஒட்டிக்கொண்டு ஆயிரம் விரலை விரித்து ஆட்டும் ஒரு பூ. அது பூ இல்லை, உயிர்தான். ஏதோ பெயர் சொன்னார், மறந்துபோனேன். வீட்டில் எல்லாரும் பூ என்றே சொல்வோம்.

வெள்ளத்துக்குக் காற்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் செத்துப்போகும். இப்போது போல மோட்டார் ஏது? ஒரு லாரி டியூபைப் பெட்டிக்குக் கீழே போட்டு, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் விட்டு, குழாயில் ஒரு இடுக்கியை மாட்டியிருந்தார்கள். டியூபில் காற்று அடித்து வைத்தால், குழாய் நுனியில் குமிழ் குமிழாக வரும். டியூப் தளர்ந்தால் மறுபடி அடிக்க வேண்டும். காலையில் முகம் கழுவுமுன் ஒரு தடவை, சோறு வடித்துவிட்டு ஒரு தடவை, விளக்கு வைக்கும்போது, படுக்குமுன். இடையில் குமிழ் மெலிந்தால் முன்னறையிலிருந்து குரல் வரும்: “மக்கா, மூச்சு நிக்கப் போவுது.” அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓடுவேன். மாமாவுக்குக் கை கிடையாது. மாமிக்கு இழுப்பு. வேறு யார்?

“குழம்புக்கு ஆவாத மீனு, இதுக்குப் போயி இவ்வளவு சேவகம். கேட்டா சயின்ஸாம்” என்று மாமி முணுமுணுப்பார். ஆனால் என்னை வெளியே அனுப்பக்கூடாது என்பதில் மாமாவைவிட அவர்தான் கெட்டி. சுசீந்திரம் தேருக்குத் தெருவே கிளம்பிப் போகும்; நான் பம்போடு இருப்பேன். என்னைப் பெண் பார்த்த கதையே பிறகுதான் தெரிந்தது. கடலோரத்துப் பிள்ளை என்றால் இதற்கெல்லாம் அருவருப்புப் படமாட்டாள் என்று மாமா சொல்லித்தான் எங்கள் ஊரில் பெண் தேடியிருக்கிறார்கள். “உன்னப் பாத்துட்டுப் போனது மாப்பிள்ளைக்கு இல்லட்டி, மீனுக்கு” என்று என் பெரியம்மை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை பழைய வெள்ளத்தில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புது வெள்ளம் சேர்ப்பது வழக்கம். அதைக் கொண்டுவர மாட்டுவண்டி போகும். எங்கே போகும்? இராஜாக்கமங்கலம் துறைக்கு. என் தாய்வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகும், வரும். வண்டிக்காரர் மரப்பீப்பாயை இறக்கி வைத்து, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: “பிள்ள, அம்மை கேக்கச் சொன்னாவ, எப்பம் வாறேன்னு.” பீப்பாய் மூடியைத் திறந்ததும் எங்கள் ஊர் வாசம் வந்து மூஞ்சியில் அடிக்கும். யாரும் பார்க்காதபோது விரலை முக்கி நாக்கில் வைத்துக்கொள்வேன். காலி வண்டி திரும்பிப் போகும்போது அதில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். மறுவீட்டுக்குப் போய் வந்த பிறகு நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மாமாவிடம் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு முறை. அவர் கோபிக்கவில்லை. “வெள்ளம் இன்னும் தெளியல்ல. தெளியட்டும், அடுத்த வண்டியில போயிட்டு வா, என்னா?” என்றார். அடுத்த வண்டி வந்தது. ஒரு நண்டு செத்திருந்தது. அதற்கடுத்த வண்டிக்கு வேறொன்று.

வெயில் நாளில் பெட்டியில் வெள்ளம் வற்றும். குறைந்ததற்குக் கடல்வெள்ளமே ஊற்றலாம் என்று நான் போனபோது மாமா தடுத்தார். “கிணத்து வெள்ளம் விட்டாப் போரும் மக்கா. உப்பு எங்கயும் போவாது, வெள்ளம் மட்டுந்தான் போவும்.” ஏனோ அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கிணற்று வெள்ளம் எடுத்து வர, கைக்குக் கிடைத்த செம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். “ஏட்டி! செம்பு ஆவாது! செம்பு பட்ட வெள்ளம் ஒரு கை போனாப் போரும், பூ வெந்துரும்!” பிறகு குரல் தணிந்து, மண்பானையில் எடுத்து வா மக்கா என்றார். அதற்கப்புறம் அந்த அறைக்குள் செம்பு வந்ததில்லை. பூஜைக்கு வைக்கும் சிறு பாத்திரத்தைக்கூட அந்த வழியாக எடுத்துப் போகமாட்டேன்.

எனக்கு மாதம் ஏழானது. முதல் பேறு தாய்வீட்டில்தான். அது எல்லா வீட்டு வழக்கம். ஆனால் மாமி முன்கூட்டியே சொல்லத் தொடங்கிவிட்டார். “பேறு இங்கயே பாத்துக்கிடலாம். ஆசுபத்திரி எட்டுற தூரத்துல இருக்கு. அங்க என்ன இருக்கு, மணலும் காத்தும். பின்ன இந்தச் சவத்துப் பம்ப ஆரு அடிப்பா?” மாமா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து அடிக்கையில் எனக்கு மூச்சு வாங்கும். எனக்கு வாங்கும் மூச்சும் பெட்டிக்குள் போகும் மூச்சும் ஒன்றாகக் கேட்கும். இந்தப் பிள்ளை இந்தப் பம்புக்குப் பக்கத்தில்தான் பிறக்கப்போகிறது என்று நிச்சயமாக நினைத்தேன்.

ஆனி மாதம். சாரல் விடாமல் பெய்தது. கடல் கலங்கி, வள்ளங்கள் இறங்காமல், வெள்ளத்துக்கு வண்டி போகவே இல்லை. பெட்டியில் வெள்ளம் பழசாகி மஞ்சளித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் என்னைக் கூட்டிப்போக அம்மையும் பெரியம்மையும் இன்னும் நாலு பேரும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முறுக்கு, அதிரசம், சோறு, கறி எல்லாம் இறக்கினார்கள். கடைசியாக இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு அண்டாவை இறக்கினார்கள். வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. செம்பு அண்டா. மழைமப்பிலும் அது தீ மாதிரி மின்னியது.

அம்மைக்கு முகமெல்லாம் பெருமை. “கடலு நேத்துதான் ஒரு நேரம் தெளிஞ்சு நின்னுது. அண்ணாச்சிக்கு வெள்ளம் இல்லாம மீனு கஷ்டப்படுதுன்னு வண்டிக்காரரு சொன்னாரு. சம்பந்தி வீட்டுக்கு வாறப்பம் பழைய பீப்பாயிலயா கொண்டு வருவா? புளி போட்டுத் தேச்சு, நேத்து சாயங்காலமே நிறைச்சு வச்சுட்டேன். செம்புல கெடந்தா வெள்ளம் சுத்தமாவும்லா.”

 மருமகள் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கும் காலம் இல்லை; திறந்திருந்தாலும் என்ன சொல்வேன், நீ ஆசையாகக் கொண்டுவந்தது விஷம் என்றா? மாமாவைப் பார்த்தேன். அவர் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும், அப்புறம் ஊத்திக்கிடலாம்” என்றார். அம்மையின் முகம் சுருங்கியது. பெரியம்மை சும்மா இருப்பாளா? “அது என்ன அண்ணாச்சி, எங்க வீட்டுப் பிள்ள ஆவும், எங்க வீட்டு வெள்ளம் ஆவாதோ?” வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் மாமி தன் பேச்சை எடுத்தார்: ஆசுபத்திரி, தூரம், பம்பு.

மாமா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தையும் வயிற்றையும் பார்த்தவர், பம்பு பிடித்துக் காய்த்துப்போன என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, “ஊத்துங்க” என்றார்.

ஊற்றினார்கள். அம்மையே கடைசிக் குடத்தைப் பெட்டியில் சரித்தாள். குமிழ் பொங்கி அடங்கியதும் வெள்ளம் தெளிந்து மீன்களெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எல்லாரும் ஆகா என்றார்கள். “நல்ல வெள்ளம்” என்றார் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி. “இனி பம்பு அடிக்க வேண்டாம். பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க.”

“வேண்டாமா?” என்று மாமி வாய் பிளந்தார்.

“வேண்டாம்.”

நல்ல நேரம் முடிவதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். காலில் விழுந்து எழுந்தபோது அவருக்குப் பின்னால் பெட்டி தெரிந்தது. பூ விரிந்துதான் இருந்தது. மாமா நாற்காலியில் சற்றுச் சாய்ந்து தோளால் அதை மறைத்துக்கொண்டார். “போயிட்டு வா மக்கா” என்றார்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று கடலைப் பார்த்தபோது அழுகைதான் வந்தது. அம்மை அது சந்தோஷம் என்று நினைத்தாள். சந்தோஷமும்தான். பிள்ளையோடு நான் திரும்பி வந்தபோது பெட்டி கழுவி உலர்ந்திருந்தது. பம்பு ஆணியில் தொங்கியது. “மறுநாள் காலைல பாத்தா பூ உருகிக் கெடந்துது. அந்த நாத்தத்துல மீனும் ஒவ்வொண்ணா மறிஞ்சுது. வாரி தென்னைமூட்டுல குழிச்சு மூடினேன்” என்றார் மாமி. மாமா என்னிடம், “வெயில் தாங்கல்ல மக்கா” என்று மட்டும் சொன்னார். அந்த ஆனியில் வெயிலே கிடையாது. சாரல்தான்.

மறுபடி அவர் அந்தப் பெட்டியில் வெள்ளம் நிறைக்கவில்லை. காலிக் கண்ணாடிக்கு எதிரே அதே நாற்காலியில் இருந்தார், இருக்கும்வரைக்கும். நான் அபூர்வமாக ஊருக்குப் போய் வந்தால் கேட்பார், “கடலு எப்பிடி இருக்கு?” நிறம் சொல்வேன், காற்று சொல்வேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பம்பு போனாலும் நான் எங்கே போனேன்? ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிள்ளைகள், அடுப்பு, மாமியின் இழுப்பு. அடுத்த வண்டி, அடுத்த வண்டி என்றே காலம் போயிற்று. அம்மை சாகும்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “என் அண்டா வெள்ளந்தான் எம் பிள்ளைய மீட்டுட்டு வந்துது.” அது உண்மைதான். எப்படி உண்மை என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அந்த அண்டாவும் என்னிடம் வந்துவிட்டது. மச்சில் பம்புக்குப் பக்கத்தில்தான் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது என் பேரன் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறான். நீல விளக்கும் மோட்டாருமாக, கடல் உப்பைக்கூடப் பையில் வாங்கிக் கலக்குகிறான். அதே மாதிரி ஒரு பூவும் இருக்கிறது. போன மாதம் பகலில் கரண்டு போயிற்று. குமிழ் நின்றது. நான் எழுந்துவிட்டேன், என் கை காற்றில் பம்பைத் தேடுகிறது. “பாட்டி, உக்காருங்க, பேட்டரியில தானா ஓடும்” என்றான் அவன். ஓடியது. யாரும் காவல் இருக்க வேண்டாம். நான்தான் கரண்டு வரும்வரை அங்கேயே நின்றேன்.

பேரனிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இது தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் உபகாரம். புளி போட்டுத் தேய்த்த அண்டாவில் ஒரு ராத்திரி கிடந்த கடல்வெள்ளம் பட்டால் அந்தப் பூ எவ்வளவு நேரம் தாங்கும்? நான் வண்டியேறித் தெருமுனை திரும்பும் மட்டும் அது விரிந்தே இருந்திருக்குமா? அதுவரைக்குமாவது அவர் அதைப் பார்த்திருப்பாரா?