கிள்ளானில் ஆலைக்கு இடம் பிடித்த கதை

காகிதத்தில் கோடு போடுவது சுலபமான வேலை. போட்ட கோட்டைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு நடந்து போகிற அன்றுதான் தொழில் ஆரம்பிக்கிறது.

நான் மலாயாவில், கிள்ளான் நில ஆபீசில் பிளான் வரைகிறவனாக இருந்தேன். என் சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. அங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். 'பிளான் கிராணி' என்றால் பாசார்ச் சந்தையில் மீன் விற்கிறவர்கூட என் வீட்டுக்கு வழி சொல்வார். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரப்பரை மட்டும் நம்பினால் ஊர் பிழைக்காது, நாலு ஆலை வரவேண்டும், அதற்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்று எங்கள் துரைக்குத் தோன்றியது. ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே சும்மா கிடந்த திடலை மனை மனையாகப் பிரித்து வரையச் சொன்னார். வரைந்தேன். அதற்குப் பிறகு நடந்தவைதான் இவை. மற்றவர்கள் வாசலில் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்

அதுவரை கிள்ளானில் எந்தத் தொழில் எங்கே நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாசாருக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுவார்கள். கத்தரிக்காயில் புகை நாற்றம் அடிக்கும். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டினாற்போல் காதர் பாயின் கொட்டகை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த மனிதர். தேங்காயெண்ணெய் ஆட்டுவார், அந்த எண்ணெயில் சோப்புக் காய்ச்சுவார். காய்ச்சுகிற அன்று வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகளும் அதே குரலில் திருப்பிச் சொல்லும்.

ஒரு நாள் அந்தத் தெருக்காரர்கள் கூட்டமாக ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். சோப்புக் கொட்டகையை உடனே தூக்கவேண்டுமாம். துரை என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, "எங்கே தூக்கலாம் என்று கேள்" என்றார். கேட்டேன். கிழக்கே என்றார் ஒருவர். அவருக்குக் கிழக்கே வீடு இருந்தவர் சண்டைக்கு வந்தார். கோவில் பக்கம் என்றார் இன்னொருவர். கோவில் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். சத்தம் ஓய்ந்ததும் முன்வரிசையில் இருந்த துணி வெளுக்கிறவர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முடிவு சொன்னார்:

"எங்க வேணா போகட்டுங்க, எங்க தெருவுல மட்டும் வேணாம். ஆனா ஒண்ணு, சோப்பு வெல ஏறக்கூடாது!"

முளைக்குச்சி

பிளான் தயாரானதும் நானும் அளவுச் சங்கிலி இழுக்கிற யூசோபும் திடலுக்குப் போனோம். மனைகளின் மூலைக்கு மூலை முளைக்குச்சி அடிக்கவேண்டும். யூசோப் வேலையில் கெட்டிக்காரன். அவன் அடித்த குச்சியை யானை வந்தாலும் பிடுங்க முடியாது. உச்சி வெயிலில் நின்று அடித்து முடித்து, குச்சிகளின் தலையில் சிவப்புச் சாயமும் பூசிவிட்டு வந்தோம். மறுநாள் துரையை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவதாக ஏற்பாடு.

காட்டினோம். ஒவ்வொரு குச்சியிலும் ஒரு மாடு கட்டியிருந்தது. குச்சி கொஞ்சமும் அசையவில்லை. யூசோபுக்கு அதில் பெருமைதான். துரை கையிலிருந்த பிளானைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், பிளானைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக் கொட்டகையிலிருந்து முத்தம்மாள் பால் செம்போடு வந்தார். ஆஸ்பத்திரிக்கும் காப்பிக்கடைகளுக்கும் பால் ஊற்றுகிற அம்மா. அந்தத் திடலில்தான் எத்தனையோ வருஷமாக மேய்ச்சல். அது யாருடைய நிலம் என்று அவரும் கேட்டதில்லை, அவரிடமும் யாரும் கேட்டதில்லை. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்கணும் தம்பி, மாடு கட்ட இடமில்லாம ரொம்ப செரமப்பட்டேன். அந்த வாழைமரத்துப் பக்கம் மட்டும் இன்னும் ரெண்டு குச்சி அடிச்சுக் குடுத்திடுங்க!"

பாசாங்

மனை கேட்டு வந்த முதல் பெரிய ஆள் ஒரு சீன முதலாளி; தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மரம் அறுக்கிற ஆலை வைக்கப்போகிறார். ஆற்றோரமாகவே இடம் வேண்டும், மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுவர வசதி என்றார். துரைக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல வெயில் நாளாகப் பார்த்து அழைத்துப் போனார். தரை கெட்டியாக, காய்ந்து, தட்டினால் சத்தம் கேட்கும்படி இருந்தது. தவுக்கே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து, மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது அவரே ஆபீசுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "வா, இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று பாசார் மலாயில் சொன்னார். போனோம். கடல் பொங்கி ஆறு மேலே ஏறுவதை மலாய்க்காரர்கள் பாசாங் என்பார்கள். வெயிலில் எங்கள் நிலம் எங்களிடம் காட்டியதுதான் பாசாங்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. திடல் முழுக்கத் தண்ணீர். நான் சிவப்பு மையால் அழகாக வரைந்த மனைகள் எல்லாம் முழங்கால் ஆழத்தில் கிடந்தன. தவுக்கே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் போய் நின்று, காலடியில் ஓடிய மீன் குஞ்சுகளை ஒரு நிமிஷம் ரசித்தார். பிறகு என் தோளில் கை போட்டு, மனம் நோகாதபடி சொன்னார்:

"கிராணி, மீன் வளக்கிற இடம்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பேன் லா!"

புகை

துரை அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. ஆற்றோரம் மண்கரை போட்டு, வாய்க்கால் வெட்டினால் நிலம் நிற்கும் என்றார். தோட்டங்களில் வேலை போனவர்களை அந்த வேலைக்கு எடுத்தோம். அவர்களில் ஒருவன் சின்னசாமி. வேலை போன மற்றவர்களைப்போல, மனைவியோடு சேர்த்து அவனையும் இந்தியாவுக்குக் கப்பலேற்ற ஏற்பாடாகியிருந்தது. "கப்பலேறி எங்கங்க போறது? நான் பொறந்ததே காப்பார் தோட்டத்துல. அங்க என்னைய யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். மண் சுமந்தே அந்தக் கப்பலைத் தவறவிட்டான்.

கரை பாதி எழும்பியிருந்தபோது சேதி வந்தது. கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை வருகிறார். திடலில் ஒரு தொழிலும் தொடங்கவில்லை என்றால் வேலை நிறுத்தப்படும். வேலை நின்றால் சின்னசாமி மாதிரி ஆட்களுக்குக் கப்பல்தான். ஆபீசிலும் ஆள் குறைப்பார்கள். கடைசியாகச் சேர்ந்தவன் நான். திடலில் மனை எடுத்திருந்த ஒரே ஆள் காதர் பாய். அவரும் கரை முடியட்டும் என்று காத்திருந்தார். செங்கல் அடுக்கி ஒரு புகைபோக்கி மட்டும் எழுப்பி வைத்திருந்தார். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அவரிடம் போய் என் கவலையைச் சொன்னேன். "நீங்க போய் நல்லாத் தூங்குங்க, கிராணியாரே" என்றார். தூக்கம் எங்கே வரும்?

பெரிய துரை வந்தார். கரைமேல் ஏறி நின்றார். தூரத்தில் காதர் பாயின் புகைபோக்கியிலிருந்து கருகருவென்று புகை! பெரிய துரை கைத்தடியால் அதைக் காட்டி ஏதோ கேட்டார். எங்கள் துரை என்னைப் பார்த்தார். நான் புகையைப் பார்த்தேன். "வேலை ஆரம்பித்துவிட்டதா என்று கேட்கிறார்" என்று காதர் பாயை நோக்கிக் கத்தினேன். "ஆரம்பிச்சாச்சு, ஆரம்பிச்சாச்சு!" என்று அங்கிருந்தே கையை ஆட்டினார். பெரிய துரைக்குச் சேற்றில் இறங்க மனமில்லை. திருப்தியாகத் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். மண்வேலை நிற்கவில்லை.

அவர் போனதும் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். புகைபோக்கிக்குக் கீழே ஈர விறகு; அதன்மேல் ஒரு பெரிய அண்டா; அண்டா நிறையத் தேத்தண்ணி. மண் சுமக்கிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னசாமி எனக்கும் ஒரு குவளை நீட்டினான். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். காதர் பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்லலியே கிராணியாரே! பொகையும் வந்துச்சு, சரக்கும் வந்துச்சு, எடுத்துக்க ஆளும் வந்தாச்சு. இதுக்கு மேல ஆலைன்னா என்ன?"

முத்தம்மாளின் ஆலை

கரை முடிந்தது. காதர் பாய் தம் செக்கையும் சோப்புச் சட்டியையும் உண்மையாகவே அங்கே கொண்டுவந்து சேர்த்தார். இன்னொரு மழையில் தவுக்கே வந்தார், செருப்பைக் கழற்றாமல் நடந்து பார்த்தார், ஆற்றோர மனையை எடுத்துக்கொண்டார். ஆலைகள் வந்துவிட்டதால் மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவாயிற்று. அதை முத்தம்மாளிடம் போய்ச் சொல்லவேண்டியவன் நான். சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். முத்தம்மாள், கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் நல்ல வெள்ளைப் பசு. துரை வெளியே வந்தார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினேன். "ஆலைக்குத்தான் இடம்னு சொல்றீங்க. ஆலைன்னா என்னங்க தொரை? ஒரு பக்கம் ஒண்ண போடறோம், மறுபக்கம் வேற ஒண்ணு வருது. என் மாடும் அதத்தானே செய்யுது? பாய் செக்குல விழுற புண்ணாக்கு பூராவும் நாந்தான் வாங்குறேன். நான் போயிட்டா அத அவரு எங்க கொண்டு கொட்டுவாரு? எங்கிட்ட நாலு பேரு வேல செய்யறாங்க. எங்க வீட்டுப் பொகை கூட யாரு கண்ணையும் உறுத்தல" என்றார். துரை சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே போய்ப் பிளானை எடுத்து வரச் சொன்னார். ரயில் பாதை வளைகிற மூலையில், எந்தக் கட்டடத்துக்கும் ஒத்துவராத முக்கோணமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. கரைக்கு உள்பக்கம்தான், தண்ணீர் ஏறாது. அதை முத்தம்மாளுக்கென்று எழுதினார். பிளானில் அதற்கு எந்த நிறம் பூசுவது என்று கேட்டேன். ஆலைகளுக்குப் பூசுகிற நிறத்தையே பூசச் சொன்னார்.

அதை நான் தமிழில் எடுத்துச் சொன்னபோது அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"தொரைகிட்ட சொல்லுங்க தம்பி, மத்த ஆலைக்கெல்லாம் ஞாயித்துக்கெழம லீவு. என்னோடதுக்கு அதுவும் கெடையாது!"

அப்பா வந்தார்

என் அப்பா கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். ரயில்வே பட்டறையில் இரும்பு அடித்து ஓய்வு பெற்றவர். 'என் மகன் கிள்ளான்ல ஆலை கட்டறான்' என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் கட்டவில்லை, வரைகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அந்த வித்தியாசம் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்துவிட்டார். இருக்கிறதிலேயே நல்ல சட்டை, கையில் குடை. "எங்கடா உன் ஆலை?"

அழைத்துப் போனேன். காதர் பாய் அவருக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுத்தார். முத்தம்மாள் மோர் கொடுத்தார். மர ஆலையில் தவுக்கே ரம்பத்தை ஓட்டிக் காட்டினார். பட்டறையில் வாழ்ந்த மனுஷர், ரம்பத்தின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு "அச்சுல எண்ண போடணும்" என்றார். சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியது. ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். மர ஆலையில் சேர்ந்திருந்த சின்னசாமி உடம்பெல்லாம் மரத்தூளோடு ஓடிவந்து, "கிராணி ஐயாவோட அப்பாவா?" என்று கும்பிட்டான். எனக்கு நெஞ்சு விரிந்தது. கரைமேல் நின்று, எல்லாவற்றையும் அப்பா இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்தார். கரை மண் சுமந்தவர்களுடையது, புகை பாயுடையது, ரம்பம் தவுக்கேயுடையது, மாடு முத்தம்மாளுடையது. குடையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. இதுல நீ செஞ்சது எது?"

ஓர் ஊர் முன்னுக்கு வரவேண்டுமானால் முதலில் அழகாக ஒரு பிளான் போடவேண்டும், பிறகு அதைக் கெடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போடவேண்டும் என்பதைத்தான் அத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டேன்.